வாட்டர் பெட் கைமாறும் விதம்

பின்னால் விரிந்து கிடந்த நீலப் பொருளை நான் தார்ப்பாய் என்றுதான் நினைத்தேன். நல்லமிளகு காயப்போட யாரோ விரித்திருக்கிறார்கள், மிளகு இன்னும் வரவில்லை, டயர் ஏறினால் ஒன்றும் குறைந்துவிடாது. வாடகைக் கார் பீப் பீப் என்று கத்தியது. புது வண்டி, கொஞ்சம் பயந்த சுபாவம் போலிருக்கிறது என்று அதற்காக இரக்கப்பட்டுக்கொண்டே இன்னும் ஒரு முழம் பின்னால் எடுத்தேன்.

வெடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பெரிய வயிறுள்ள ஒருவர் சாவகாசமாக ஏப்பம் விட்டதுபோல ஓர் ஓசை. அவ்வளவுதான். மழையே இல்லாத மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில், முற்றம் முழுக்க வெள்ளம்.

இறங்கிப் பார்த்தேன். கையில் ஓஸ் குழாயுடன், நெஞ்சுவரை நனைந்து, தாணுமாலயன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கேரள அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது, தீராத நோயில் கிடப்பவர்களை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் எங்கள் ஊர் பாலியேட்டிவ் சொசைட்டியின் தலைவர். படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளிகளின் முதுகு புண்ணாகாமல் இருக்கக் கொடுக்கும் வாட்டர் பெட் அது. கொண்டுபோவதற்கு முன்னால் தண்ணீர் நிரப்பி, எங்காவது ஒழுகுகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"லீக்கு உண்டா இல்லியான்னு காலத்தே தொட்டு நோக்கிட்டு நிக்கேன் மக்கா," என்றார் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு. "நீ வந்த உடனே தெரிஞ்சு போச்சு."

சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் பழைய ஓட்டுக் கட்டிடம்தான் சொசைட்டியின் அலுவலகம். அங்கிருந்து ஜெஸி ஓடி வந்தாள். சொசைட்டியின் ஒரே நர்ஸ். எனக்கு ஞாயிறு பள்ளியில் இருந்தே தெரிந்தவள். பெட்டைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"எலே சஜு, இது இன்னைக்கு புஷ்பபாய் அம்மைக்கு கொண்டு போக வேண்டிய பெட்டாக்கும். அவங்களுக்கு முதுகு செவக்கத் தொடங்கியாச்சு. இன்னும் ரெண்டு நாளு வெறும் மெத்தையில கெடந்தா பொட்டிப் புண்ணாயிரும்."

"நான் புதுசு வாங்கித் தாறேன்."

"வாங்கித் தா. நெய்யாற்றின்கரையில சர்ஜிக்கல் கடை நாளைக்குத் தொறக்கும். அதுவரை செவக்காம இருன்னு அவங்க முதுகுக்கிட்ட நீ வந்து சொல்லு. நீதான் எல்லாருக்கும் ஆலோசனை சொல்லுகவனாச்சே."

அது உண்மை. என் பிழைப்பு அதுதான். சென்னையில் இருந்துகொண்டு, மருத்துவ சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். ஐந்தாண்டுத் திட்டம் எழுதித் தருவேன். நன்கொடை தருபவர்கள் படித்துவிட்டுத் தலையாட்டும் விதமாக அறிக்கை தயாரிப்பேன். ஊழியர்களுக்கு வகுப்பெடுப்பேன். என் வேலை அப்பாவுக்குப் புரியவில்லை என்று சொல்லமுடியாது. தேவைக்கு அதிகமாகவே புரிந்துவிட்டது. அப்பா ஜெயசிங், உதியன்குளங்கரை ஜங்ஷனில் லாட்டரிக் கடை வைத்திருந்தவர்.

"நான் நாளைக்கு உள்ளத விக்கேன், நீ அஞ்சு வருசம் கழிஞ்சு உள்ளத விக்கே," என்பார். "ரெண்டும் ஒரே தொழிலாக்கும். எனக்க ஆளுகளுக்கு நாளைக்கே கோவம் வரும். உனக்க ஆளுக அதுக்குள்ள மறந்து போவாங்க. நீதாம்லே கெட்டிக்காரன்."

போன வருஷம் ஆடி மழையில் அப்பா போய்விட்டார். நுரையீரலில் வந்த நோய். அம்மா அதற்கு முன்பே போயிருந்ததால் வீட்டில் அவர் தனி. ஜெஸி மருந்துப் பையுடன் வந்து போவாள். ராத்திரிகளில் தாணு அண்ணன் வந்து துணைக்குப் படுத்துக்கொள்வார். நான் மாதம் ஒருமுறை வருவேன், மற்ற நாட்களில் வீடியோவில் பேசுவேன். அப்பா போனைப் பிடிக்கிற லட்சணத்தில் எனக்கு அவருடைய நெற்றியும், அதற்கு மேலே சுற்றுகிற ஃபேனும்தான் தெரியும்.

"எப்படி இருக்குப்பா?"

"ஃபேன் கொள்ளாம்."

ஃபேன் நன்றாக இருக்கிறதாம். அதற்கு மேல் மருத்துவ அறிக்கை கிடையாது. அவருடைய கடைசி நாளன்று நான் ஒடிசாவில் ஓர் அறக்கட்டளைக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். நோயாளியின் குடும்பத்தாரிடம் உண்மையை எப்படிச் சொல்வது என்பது தலைப்பு. ராத்திரி வரை நீண்ட வகுப்பு; எல்லோரும் போனை அணைத்து வைக்கவேண்டும் என்பது விதி. விதி போட்டவன் நான். மறுநாள் காலையில் விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது, அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள், முதல்முறையாக முகம் முழுவதும் தெரியும்படி இருந்தார்.

அன்று முதல் எனக்கு ஒரே கேள்வி. கடைசியில் அப்பாவுக்கு வலித்ததா, என்னைக் கேட்டாரா? ஜெஸியிடம் கேட்டேன், தாணு அண்ணனிடம் கேட்டேன், பக்கத்து வீடுகளில் கேட்டேன். "சமாதானமாட்டு போனாரு." எல்லோரும் அதையே சொன்னார்கள். பாடகர் குழு ஒத்திகை பார்த்துவிட்டு வந்ததுபோல, வார்த்தை பிசகாமல், சுருதி விலகாமல். நானும் அந்தப் பாடகர் குழுவில் இருந்தவன்தான். ஒத்திகை பார்த்த குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான், இன்னொரு நர்ஸை வைத்துக்கொள்ள உதவி கேட்டபோது ஒரு டிரஸ்ட் 'முதலில் உங்கள் திட்டத்தை எழுதிக் கொடுங்கள்' என்று சொல்லிவிட்டது, என்ன செய்வது என்று தாணு அண்ணன் போனில் புலம்பியதும், நானே வருகிறேன், எனக்கு எதுவும் தரவேண்டாம் என்றேன். அமைப்பின் பலம் என்ன, பலவீனம் என்ன என்று கேட்கிற கேள்விகளுக்கு நடுவே என் கேள்வியையும் செருகிவிடலாம் என்பது என் ஐந்தாண்டுத் திட்டம்.

வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே எந்தக் கேள்விக்கும் பதில் கிடையாது. "உங்க சொசைட்டிக்க பலம் என்ன?" என்றால், "சாயா குடிச்சியா?" "சரி, பலவீனம்?" "பழம்பொரி ஒண்ணும் எடுக்கல்லியே?" இரண்டே நாளில் என் இடுப்பு வார் ஒரு ஓட்டை தள்ளிப் போயிற்று. அறிக்கை முதல் பக்கத்திலேயே நின்றது.

"வேற பெட் இல்லியா ஜெஸி?"

"இருக்கு. ஆறேழு பெட் உண்டு."

"எங்க?"

"ஓரோ வீட்டுல."

எனக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "பாத்தியா? இதத்தான் நான் போன மாசம் போன்லயே சொன்னேன். ஒவ்வொரு பெட்டுக்கும் நம்பர் ஒட்டணும். ஒரு வீட்டுல வேலை முடிஞ்சா ஆபீசுக்குத் திரும்பி வரணும். எது எங்க இருக்குன்னு தெரியணும்."

தாணு அண்ணன் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். "மக்கா, நீ சொன்னதக் கேட்டுத்தான் இந்த ஒரு பெட்ட மட்டும் ஆபீசுக்குத் திருப்பி வரவழைச்சேன். மற்றதெல்லாம் வீடு வீடாட்டு பத்திரமாட்டு கெடக்கு."

நான் காரில் ஏறி, பெட்டின் மேல் நின்ற டயரை முன்னால் எடுத்தேன்.

"வெள்ளறடை வழியில குமாரிக்க வீட்டுல ஒண்ணு ஒழிஞ்சு கெடக்கு," என்றாள் ஜெஸி. "பதினாறு கழிஞ்சாச்சு. போன்ல விளிச்சுக் கேக்கட்டு."

குமாரி யார் என்று எனக்குத் தெரியாது. கணவர் ஆட்டோ ஓட்டினவர் என்றும், இந்த மாதம் தவறிப்போனவர் என்றும் காரில் ஏறும்போது சொன்னாள். தவறிப்போனவர் என்றுகூட அவள் சொல்லவில்லை. "அங்க தேவை தீந்தாச்சு," என்றாள். சொசைட்டியில் அப்படித்தான் பேசுவார்கள்.

ஜெஸி முன்னால் உட்கார்ந்தாள். தாணு அண்ணன் பின்சீட்டில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் ஈரத்தோடு உட்கார்ந்தார். ஜங்ஷனைத் தாண்டும்போது நான் வழக்கம்போல வண்டியை மெதுவாக்கினேன். அப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் ரீசார்ஜ் கடை. எல்லைக்கு அந்தப் பக்கத்தில், தமிழ்நாட்டில், லாட்டரி கிடையாது என்பதால், களியக்காவிளையில் இருந்தும் மார்த்தாண்டத்தில் இருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வருவார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு இந்த நேரம் நீ எனக்க கடைக்கே வரமாட்டே, பெரிய ஆளாயிருவே," என்பார். மறுநாள் அவர்கள் அதே நேரத்துக்கு வந்து நிற்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் ஸ்டூலில் ஏறி நின்று மைக்கில் எண்களைக் கத்துவேன். இன்று மேடைகளில் நான் பேசுகிற தொனி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அந்த ஸ்டூல்தான்.

"அண்ணா, நீங்க அப்பாக்க கூடக் கடைசி ராத்திரி இருந்தீங்கல்லா," என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன்.

"ஓ, இருந்தேன்."

"அன்னைக்கு எப்படி இருந்தாரு?"

"நல்ல மழை," என்றார். "மேற்கால இருந்து அடிச்ச மழை. அப்பிடிப்பட்ட ஒரு மழையில நான் வெள்ளறடை கடைசி பஸ்சுல போயிருக்கேன். டிக்கெட்டெல்லாம் நனைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒரு ஆளுக்கு நாலு டிக்கெட்டு குடுத்தேன். அவன் நாலு சீட்டுல மாறி மாறி இருந்தான்."

ஜெஸி சிரித்தாள். நானும் சிரித்தேன். கேள்வி ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

ரப்பர் தோட்டங்கள் தொடங்கின. கிறிஸ்துமஸ் சமயத்தில் நாங்கள் கரோல் பாடிப் போன வழி அது. ஜெஸி டிரம் அடிப்பாள். ஆண்பிள்ளைகள் யாரும் அவளிடமிருந்து அதை வாங்கமுடியாது. நான் கிறிஸ்துமஸ் தாத்தா. ஒல்லிக் குச்சியாக இருந்த எனக்கு வயிற்றில் தலையணை கட்டுவார்கள். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு, எல்லை தாண்டிய வீடு என்று ஒன்றும் பார்ப்பதில்லை. எந்த வீட்டில் நல்ல கேக், எந்த வீட்டில் நாய் என்பது மட்டும்தான் எங்கள் புவியியல்.

"அதே வழிதான் இப்பமும்," என்றாள் ஜெஸி, நான் எதைப் பார்க்கிறேன் என்று கண்டுகொண்டு. "அன்னைக்கு டிரம்மு, இன்னைக்கு பி.பி. மெசினு. அந்த நாயிகளுக்க பேரன்மாரு இப்ப கடிக்க வருது."

"இப்ப எனக்குத் தலையணை வேண்டாம்."

"அது முற்றத்துலயே பாத்தேன்."

குமாரி வீட்டில் மரச்சீனி அவித்து வைத்திருந்தார்கள். நான் பெட்டைப் பற்றிக் கேட்டேன். தொட்டுக்கொள்ள மிளகுச் சம்மந்தி வந்தது. மறுபடி கேட்டேன். கட்டன் சாயா வந்தது. குமாரிக்கு என் வயது இருக்கும். நெற்றியில் பொட்டில்லை, பல நாள் உறங்காத முகம். அவர் உள்ளே போய்ப் பெட்டைக் கொண்டுவந்தார். சோப்புப் போட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தி, மடிப்புகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பவுடர் தூவி, பழைய சேலை ஒன்றில் பொதிந்து வைத்திருந்தார்.

நான் எழுந்து கையை நீட்டினேன். "தாங்கக்கா, நாங்க கொண்டு போய்ச் சேத்திருதோம்."

குமாரி கொடுக்கவில்லை. நான் ஏதோ தகாததைப் பேசிவிட்டதுபோல ஜெஸியைப் பார்த்தார்.

"இவன் சென்னைக்காரன்," என்றாள் ஜெஸி. அதில் எல்லாம் அடங்கிவிட்டது.

"ஒரு நிமிசம்," என்று சொல்லிவிட்டு குமாரி உள்ளே போனார். முகம் கழுவி, நல்ல சேலை உடுத்தி வந்தார். பொதியை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினார்.

"பெட் ஆபீசுக்கு ஏன் வாறதில்லன்னு கேட்டேல்லா," என்றாள் ஜெஸி தணிந்த குரலில். "இதுக்குத்தான். ஒரு வீட்டுல தேவை தீந்தா, அந்த வீட்டுக்காரங்களே அடுத்த வீட்டுக்குக் கொண்டு போவாங்க. அதாக்கும் நடப்பு."

"யாரு தொடங்கினது?"

"ஆருக்குத் தெரியும். தொடங்கி நடக்குது."

புஷ்பபாய் அம்மையின் வீடு செங்கல் என்ற ஊரைத் தாண்டி, எல்லையை ஒட்டி இருந்தது. வீடு கேரளம், அடுக்களைத் தண்ணீர் ஓடிப்போய் விழுகிற ஓடை தமிழ்நாடு. அம்மை கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். உடம்பு வற்றியிருந்தது, வாய் வற்றவில்லை.

"ஆருலே இது, ஜெயசிங்குக்க மகனா? உனக்க அப்பன் எனக்கு ஒரு தடவையாவது அடிக்கிற நம்பரத் தந்தானா? கேட்டா, 'அடுத்த வாரம் உனக்காக்கும்'னு சொல்லுவான்."

"எனக்கும் அதத்தான் சொன்னாரு அம்மை."

"பெட்ட நீ பொட்டிச்சதாட்டு கேட்டேன்?"

செய்தி எங்களை முந்திக்கொண்டு வந்திருந்தது. ஊரில் வேறு எந்தத் தகவல் பரிமாற்ற அமைப்பும் தேவையில்லை என்று அறிக்கையில் எழுதலாம்.

அம்மையை நானும் தாணு அண்ணனும் ஜெஸியும் சேர்ந்து நாற்காலிக்கு மாற்றினோம். குமாரி யாரிடமும் கேட்காமல் பெட்டைக் கட்டிலில் விரித்து, மருமகள் லிஜி குடத்தில் கொண்டுவந்த தண்ணீரை விடத் தொடங்கினார். நிரப்பியபடியே லிஜியிடம் பேசினார். பதினாறு நாளாக யாரிடமும் பேசாமல் வைத்திருந்தது போலிருந்தது.

"முக்கால் பாகம் போதும் மோளே. நெறைச்சா உருண்டு விழுவாங்க. காலத்தே கொஞ்சம் குளிரும், ஒரு பெட்சீட்டு கூடப் போடு. எனக்க வீட்டுக்காரரு முதல் நாளு கப்பல்ல போறது போல இருக்குன்னு சொன்னாரு. ரெண்டாம் நாளு அது பழகிச் சீலமாயிரும்."

"ராத்திரி உறங்கினாரா அக்கா?"

"முதல்ல உறங்கினாரு. கடைசி ஆழ்ச்சையில இல்ல, அந்த ஏழு நாளும் முழிப்புதான். வேதனை இல்ல, ஜெஸி மருந்து குடுத்தா. பேடி, பயமாக்கும். லைட்ட அணைக்க விடமாட்டாரு. நான் கையைப் பிடிச்சுட்டு இருந்தேன். விட்டா முழிச்சுக்குவாரு. நீ பயப்படாண்டாம். பேசிட்டே இரு. என்ன பேசுகோம்னு வேண்டாம். நான் ஆட்டோக்க இன்சூரன்சப் பத்தி எல்லாம் பேசினேன்."

லிஜி அழுதாள். புஷ்பபாய் அம்மை நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

"அப்ப எனக்கும் லைட்ட அணைக்காண்டாம்," என்றார் அம்மை. "கரண்டு பில்லு இவன் குடுப்பான், பெட்ட பொட்டிச்சவன்."

குமாரி இந்த மாதத்தில் முதல்முறையாகச் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். ஒடிசாவிலும் வேறு எங்கெல்லாமோ நான் நடத்திய வகுப்புகளில், இதைச் சொல்வதற்குத்தான் படம் காட்டி, அம்புக்குறி போட்டு, இரண்டு இரண்டு பேராகப் பிரித்து நடிக்கவைத்தேன். அதெல்லாம் வீண் என்று சொல்லமாட்டேன், என் பிழைப்பு. ஆனால் அப்போது என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று. அப்பாவின் பெட்டும் இப்படி ஒரு வீட்டுக்குப் போயிருக்கும். அங்கேயும் ஒரு லிஜி கேட்டிருப்பாள். பெட்டைக் கொண்டுபோகவேண்டியவன் நான். எனக்கு இந்த நடப்பே தெரியாது. தெரிந்து போயிருந்தாலும், ஃபேனைப் பற்றித்தான் சொல்லியிருக்க முடியும்.

ஜெஸி கிணற்றடியில் கைகழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் வாளியில் இருந்து தண்ணீர் ஊற்றினேன்.

"நீ சொல்லுகதுல பாதி சரிதான் கேட்டியா," என்றாள் அவளே. "இன்னைக்கு ஒரு பெட்டுக்கு அரை நாளு போச்சு. எந்த வீட்டுல என்ன இருக்குன்னாவது ஒரு இடத்துல எழுதி வைக்கணும். திட்டத்துல அத எழுது. ஆனா ஆபீசுக்குத் திரும்பணும்னு எழுதாண்டாம்."

"எழுதல்ல. ஜெஸி, அப்பாக்க பெட்ட யாரு கொண்டு போனா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நானும் தாணு அண்ணனும். நீ அடக்கம் கழிஞ்சு போயிட்டியே."

"அந்த வீட்டுல உன்கிட்ட கேட்டாங்களா, கடைசியில எப்படி இருந்தாருன்னு?"

"கேட்டாங்க."

"சொன்னியா?"

"பின்னே சொல்லாண்டாமா? அடுத்த வீட்டுக்கில்லா அது. அவங்களுக்குத் தெரியணும்."

"அவங்ககிட்ட சொன்னத என்கிட்ட சொல்லு."

"சமாதானமாட்டு..."

"ஜெஸி."

"லிஜி சாயா போடுகா..."

"சாயா வேண்டாம். ரெண்டு நாளா நான் சாயாவத்தான் குடிக்கேன். எவனோ ஒருத்தனுக்க வீட்டுல போய் சொல்லியிருக்கே. என்னையும் அடுத்த வீடுன்னு நினைச்சுக்கோ."

அவள் வாளியை என் கையில் இருந்து வாங்கிக் கீழே வைத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். உள்ளே தாணு அண்ணன் யாரிடமோ மழையில் நனைந்த டிக்கெட் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேதனை உண்டாயிருந்தது," என்றாள். "மத்தியானம் வரை நல்ல வேதனை. கட்டில் கம்பியப் பிடிச்சுட்டு கெடந்தாரு. நான் டாக்டரக் கேட்டு மருந்தக் கூட்டினேன். விளக்கு வைக்க நேரம் ஆறினது. அதுக்குப் பெறகு வேதனை இல்ல, அது சத்தியம். அப்பம்தான் உன்னைக் கேட்டாரு. 'சஜு எங்க'ன்னு. உனக்கு விளிச்சு விளிச்சு நோக்கினேன், போன் ஆஃபு. நான் கள்ளம் சொன்னேன். 'சஜு வண்டி ஏறியாச்சு, காலத்தே வந்துருவான்'னு."

"நம்பினாரா?"

"இல்ல. 'ஏறியிருக்கமாட்டான், எங்கயாவது வகுப்பெடுப்பான்'னு சொன்னாரு. 'ஆனா நீ சொல்லுகது கேக்கக் கொள்ளாம் மோளே. ஒருக்கா கூடச் சொல்லு'ன்னாரு. நான் சொன்னேன். உறங்குகது வரை சொல்லிட்டே இருந்தேன்."